இறைப்பவரும் தண்ணீர் மாறுபவரும்: செப்ரிக் அதிர்ச்சியில் இதயமும் நாடிகளும்



சில காலத்துக்கு முன், இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு கிராமத்தில் ஒரு தாயாரைச் சந்தித்தோம். வயல் வேலைக்குப் போய்வந்த அவரது கணவருக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். நான்காம் நாள் பின்னேரம் அயல்வீட்டில் இருந்த சிறிய கருவியால் பிறசர் பார்த்தார்கள். மேல் எண் 110 என்று காட்டியது. "110 எண்டால் நல்ல பிறசர்தானே எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். அதை நம்பி, விடியட்டும் எண்டு இருந்திட்டம்" என்றார் அந்தத் தாயார். விடிந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. கிருமித் தொற்று உடல் முழுவதையும் தாக்கி, செப்ரிக் அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது என்று வைத்தியர்கள் கூறினார்கள்.

அவர் எம்மிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "பிறசர் நல்லா இருந்த மனிசன் எப்பிடிச் செத்தவர்?"

இக்கேள்விக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும். விடை சற்று நீளமானது. ஆனால் தோட்டம் இறைத்துப் பழகியவர்களுக்கு அது கடினமானதன்று.

1. தோட்டம் தரும் பாடம்

தோட்டம் இறைக்கும்போது ஒருவர் மிசினடியில் நிற்பார். மற்றவர் மண்வெட்டியுடன் வாய்க்கால் வழியே சென்று, பாத்திக்குப் பாத்தி மடை திறந்து தண்ணீர் மாறுவார். இருவரும் ஒத்து வேலை செய்தால்தான் கடைசிப் பாத்தி நனையும்.

வாய்க்காலில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காரணம் என்ன? மிசின் வலுவிழந்திருக்கலாம். அல்லது மிசின் நன்றாக ஓடியும், எல்லா மடைகளும் ஒரே நேரத்தில் திறந்துவிடப்பட்டிருக்கலாம். அல்லது நண்டு வளைகளால் வரம்பு கசிந்துகொண்டிருக்கலாம். மட்டத்தை மட்டும் பார்த்து இவற்றுள் எது காரணம் என்று சொல்ல முடியாது. மறுபுறத்தில், மடைகளை எல்லாம் அடைத்துவிட்டால் வாய்க்கால் நிரம்பி மட்டம் உயர்ந்து நிற்கும். ஆயினும் பயிருக்குத் தண்ணீர் போகாது.

எமது உடலில் இதயமே மிசின். நாடிகளே வாய்க்கால். பிறசர், அதாவது குருதியமுக்கம், வாய்க்காலின் நீர்மட்டம். மூளை, சிறுநீரகம், ஈரல் ஆகியன பாத்திகள். மட்டம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. பாத்திக்குத் தண்ணீர் போகிறதா என்பது வேறொரு கேள்வி. அந்தத் தாயாரின் குடும்பம் முதற் கேள்விக்கு மட்டுமே விடை பெற்றிருந்தது.

2. செப்ரிக் அதிர்ச்சி என்பது யாது?

காலில் குத்திய முள், சிறுநீர்த் தொற்று, சளிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல் என எந்தத் தொற்றும் சிலவேளை உடலின் தற்காப்பைக் கட்டுமீறச் செய்துவிடும். கிருமியை அழிக்கப் புறப்பட்ட தற்காப்பு, சொந்த உறுப்புகளையே சேதப்படுத்தத் தொடங்கும். இந்நிலைக்குச் செப்சிஸ் என்று பெயர். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேர் செப்சிஸுக்கு ஆளாயினர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர் இறந்தனர் என்றும் ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். அவ்வாண்டில் நிகழ்ந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று இதுவாகும்.

செப்சிஸ் முற்றும்போது மூன்று கேடுகள் சேர்ந்து வருகின்றன. முதலாவது, குருதிக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. எல்லா மடைகளும் ஒன்றாகத் திறந்ததுபோல் அமுக்கம் விழுகிறது. இரண்டாவது, நுண்குழாய்களின் சுவர் கசிகிறது. குருதியின் நீர் வெளியே வடிந்து, இதயத்துக்குத் திரும்பிவரும் குருதி குறைகிறது. மூன்றாவது, இதயத் தசையே சோர்ந்துபோகிறது. போதிய சேலைன் ஏற்றிய பின்னரும், மருந்தின் துணையில்லாமல் குருதியமுக்கம் நிற்காமலும், உடலில் லக்ரேற் என்னும் அமிலப்பொருள் கூடியும் இருப்பின் அதுவே செப்ரிக் அதிர்ச்சி. இந்நிலையை அடைந்தோரில் பத்தில் நான்கு பேருக்கு மேல் வைத்தியசாலையில் இறக்கின்றனர் என்று 2016இல் வகுக்கப்பட்ட சர்வதேச வரையறை கூறுகிறது.

எம்மவருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. எலிக்காய்ச்சல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வேலை செய்வோரைத் தேடிவரும் நோய். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திலும் இது உயிர்களைப் பறித்தது. இந்தக் கிருமி இதயத் தசையையும் நேராகத் தாக்கவல்லது.

3. ஒரே பிறசர், இரண்டு நோயாளர்

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை.

இரண்டு அளவுகள் தேவை. முதலாவதை நாடிச் சுமை என்போம். ஒரு துடிப்பில் வெளியேறும் ஒவ்வொரு மில்லிலீற்றர் குருதிக்கும் நாடிகள் எவ்வளவு அமுக்கத்தை எதிரே நிறுத்துகின்றன என்பதே இது. இதயம் சுருங்கி முடியும் வேளையில் உள்ள அமுக்கத்தை, அத்துடிப்பில் வெளியேறிய குருதியின் அளவால் வகுத்தால் இது கிடைக்கும். அந்த அமுக்கமாகப் பிறசரின் மேல் எண்ணில் பத்தில் ஒன்பது பங்கை எடுப்பது வழக்கம். இரண்டாவதை இதய வலு என்போம். சுருங்கி முடியும் வேளையில் இடது இதயவறையின் தசை எவ்வளவு விறைத்து நின்று தள்ளக்கூடியது என்பதன் அளவு இது.

சுகதேகி ஒருவரைக் கொள்வோம். மேல் எண் 120. பத்தில் ஒன்பது பங்கு 108. ஒரு துடிப்பில் 70 மில்லிலீற்றர் வெளியேறுகிறது. நாடிச் சுமை 108ஐ 70ஆல் வகுக்க ஏறத்தாழ 1.5. இதய வலு 2.2 எனின், சுமையை வலுவால் வகுக்க 0.7 வரும். இந்த விகிதம் ஏறத்தாழ 0.5க்கும் 1க்கும் இடையில் இருக்கும்போது இதயமும் நாடிகளும் ஒத்து வேலை செய்கின்றன. சுமை வலுவின் அரைப்பங்கு அளவில் இருக்கும்போது இதயம் மிகச் சிக்கனமாக உழைக்கிறது. மண்ணெண்ணெய் அரிதாக இருந்த 1990களில் தோட்டம் இறைத்தவர்களுக்கு இச்சிக்கனத்தின் அருமை தெரியும்.

இனி இரண்டு நோயாளர். இருவருக்கும் செப்ரிக் அதிர்ச்சி. இருவரின் மேல் எண்ணும் 90. பத்தில் ஒன்பது பங்கு 81.

முதலாமவரின் இதயம் ஒரு துடிப்பில் 85 மில்லிலீற்றர் தள்ளுகிறது. சுமை ஏறத்தாழ 0.95. வலு 1.9. விகிதம் 0.5. இவரது மிசினில் பழுதில்லை. மடைகளே திறந்து கிடக்கின்றன. குழாய்களை இறுக்கும் நோர்அட்ரினலின் மருந்து இவருக்குப் பொருந்தும்.

இரண்டாமவரின் இதயம் 40 மில்லிலீற்றர் மட்டுமே தள்ளுகிறது. சுமை ஏறத்தாழ 2. வலு 1. விகிதம் 2. இவரது மிசின் தளர்ந்துவிட்டது. சோர்ந்த இதயத்துக்கு முன்னே நாடிகள் இறுகி நிற்கின்றன. இவருக்கு இறுக்கும் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கருவியில் எண் ஏறலாம். ஆனால் இதயம் மேலும் திணறும், பாத்திக்குத் தண்ணீர் குறையும். இதயத்தை ஊக்கும் டொபியூற்றமின் போன்ற மருந்தை வைத்தியர்கள் இங்கே எண்ணிப் பார்ப்பர்.

பிறசர் ஒன்று, நோய்நிலை இரண்டு, வைத்தியம் இரண்டு. இதயத்தையும் நாடிகளையும் சேர்த்து அளக்கவேண்டும் என்று வைத்தியர்கள் கூறுவதன் காரணம் இதுவே.

4. இந்த அளவு வந்த வழி

குருதியமுக்கத்தை முதன்முதலில் அளந்தவர் ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலக் கிராமப் போதகர். ஒரு பெண்குதிரையின் கால் நாடியில் குழாயைச் செருகி, அதனுடன் நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். குருதி 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. 1733இல் இதனை நூலாக வெளியிட்ட அவர், நெகிழும் நாடிகளை அக்காலத் தீயணைப்பு இயந்திரத்தின் காற்றறைக்கு ஒப்பிட்டார். விட்டுவிட்டு வரும் தள்ளலை அக்காற்றறை தொடர்ந்த ஓட்டமாக மாற்றும். நாடிகளும் அவ்வாறே செய்கின்றன.

இதயத்தின் வலுவை அளக்க மேலும் 200 ஆண்டுகளுக்கு மேல் சென்றன. ஹிரோயுக்கி சுகா, கீச்சி சகாவா என்னும் ஜப்பானிய அறிஞர்கள் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில் நாய்களின் இதயங்களில் செய்த ஆய்வுகளால் 1970களில் இவ்வளவீட்டுக்கு அடித்தளம் இட்டனர். 1983இல் சுனகாவாவும் அவர்களைச் சேர்ந்தோரும் நாடிச் சுமையையும் அதே அலகில் அளந்து, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட வழிசெய்தனர். ஒரே அலகில் அளந்ததாலேயே ஒன்றை மற்றதால் வகுக்க முடிகிறது.

இதய வலுவைச் சரிநுட்பமாக அறிய, இதயவறைக்குள்ளேயே நுண்குழாய் செலுத்தி அளக்கவேண்டும். உயிருக்குப் போராடும் ஒருவருக்கு அது எளிதன்று. 2001இல் வெளியான ஒரு முறை இதனை இலகுவாக்கியது. கையில் கட்டும் பிறசர்ப் பட்டி, நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோ ஸ்கான் ஆகிய இரண்டையும் கொண்டு, ஒரு துடிப்பிலிருந்தே வலுவைக் கணிக்கலாம். இது மதிப்பீடே. துடிப்பு ஒழுங்கற்றிருந்தாலும் எக்கோ படம் தெளிவற்றிருந்தாலும் பிழை நேரும். எனவே எல்லா வைத்தியசாலைகளிலும் நாள்தோறும் எடுக்கும் அளவாக இது இன்னும் ஆகவில்லை.

ஆயினும் அது கற்பித்த பாடம் பெரிது. 2014இல் இத்தாலிய வைத்தியர் குவாராசினோவும் அவரது குழுவினரும் செப்ரிக் அதிர்ச்சியுற்ற 25 பேரை இம்முறையால் ஆராய்ந்தனர். அவர்களுள் 21 பேரிடம் இந்த ஒத்திசைவு குலைந்திருந்தது. இது ஒருசிலருக்கு மட்டும் நேரும் கேடன்று.

5. தண்ணீர் கூடினாலும் கேடு

"சேலைன் ஏத்தினால் சுகம் வரும்" என்பது எமது மக்களின் உறுதியான நம்பிக்கை. கசிந்து வற்றிய வாய்க்காலுக்குத் தொடக்கத்தில் தண்ணீர் தேவைதான். ஆனால் மிசின் தளர்ந்திருக்கும்போது கிணற்றில் தண்ணீர் கூடுவதால் பயனில்லை. வரம்பு கசியும்போது விட்ட நீர் வேண்டாத இடத்தில் தேங்கும். உடலில் அவ்வாறு தேங்கும் இடம் நுரையீரல்.

உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளில் கடுங்காய்ச்சலுடன் குருதியோட்டம் குன்றிய 3,141 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. விரைவாகப் பெருமளவு திரவம் ஏற்றப்பட்ட பிள்ளைகளில் 100க்கு 10 பேருக்கு மேல் 48 மணித்தியாலத்துக்குள் இறந்தனர். அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் 100க்கு 7 பேரளவிலேயே இறந்தனர். 2017இல் சாம்பியாவிலிருந்து வெளிவந்த ஆய்வும், அதிதீவிர வசதிகள் குறைந்த இடத்தில் வளர்ந்தோருக்கும் இதே ஆபத்து உண்டு எனக் காட்டியது.

இதைப் படித்துவிட்டு வைத்தியர் ஏற்றும் சேலைனைத் தடுக்கவேண்டாம். எவருக்கு எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதை அளந்து முடிவுசெய்யவேண்டும் என்பதே பாடம். "ஏன் இன்னும் ஏத்தேல்லை?" என்று தாதியருடன் வாதிடுவோர் இதனை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நல்ல செய்தியும் உண்டு. செப்ரிக் அதிர்ச்சியில் சோர்ந்த இதயம், தப்பிப் பிழைத்தவர்களில் ஏறத்தாழ 10 நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பியதை அமெரிக்க வைத்தியர்கள் 1984இலேயே கண்டறிந்தனர். எனவே அந்த நாட்களைக் கடக்க உதவுவதே பெரிய காரியம்.

6. விரல்நுனி சொல்லும் செய்தி

எக்கோ ஸ்கான் எமது குடிசைகளில் இல்லை. ஆனால் கடைசிப் பாத்தி எமது கையிலேயே இருக்கிறது. இதயமும் நாடிகளும் ஒத்துழைக்காதபோது உடல் முதலில் தோலுக்குப் போகும் குருதியையே குறைத்து, மூளையையும் இதயத்தையும் காக்க முயல்கிறது.

நோயாளியின் சுட்டுவிரல் நுனியை வெளிறும்வரை அழுத்தி, 10 செக்கன் வைத்திருந்து விடுக. பழைய நிறம் 3 செக்கனுக்குள் திரும்புதல் வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் விரல்நுனிக்குக் குருதி போதவில்லை. 2019இல் வெளியான தென் அமெரிக்க ஆய்வில், 424 நோயாளரில் ஒரு பகுதியினருக்கு லக்ரேற் அளவையும் மறு பகுதியினருக்கு இந்த விரல்நுனிச் சோதனையையும் வழிகாட்டியாகக் கொண்டு சிகிச்சை அளித்தனர். செலவேயில்லாத விரல்நுனிச் சோதனை, இரத்தப் பரிசோதனைக்குக் குறைந்த வழிகாட்டியாக இருக்கவில்லை. 2025இல் வெளியான தொடர் ஆய்வு இதனுடன் பிறசரின் இரு எண்களையும் எக்கோவையும் சேர்த்து, ஆளுக்கேற்ற வைத்தியம் செய்தது. இறப்பு குறையவில்லை, ஆனால் மருந்தினதும் இயந்திரத்தினதும் துணை தேவைப்பட்ட நாட்கள் குறைந்தன.

பிறசரின் இரு எண்களையும் கேட்டுக் குறித்துக்கொள்வதும் பயனுள்ளது. கீழ் எண் மிகத் தாழ்ந்திருப்பின் குழாய்கள் தளர்ந்துள்ளன என்று வைத்தியர் ஐயுறுவர். மேல், கீழ் எண்களின் இடைவெளி ஒடுங்கியிருப்பின் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் குருதி குறைந்துள்ளது என்று ஐயுறுவர்.

ஒன்றை மறக்கலாகாது. குளிரில் விரல் தானாகவே தாமதமாக நிறம் திரும்பும். கருமையான தோலில் நகத்தைப் பார்ப்பது எளிது. சோதனை நன்றாக இருந்தாலும், கீழே கூறும் குறிகள் இருந்தால் வீட்டில் தங்கவேண்டாம்.

7. நாம் செய்யவேண்டியவை

காய்ச்சலோ தொற்றோ உள்ள ஒருவருக்கு மூச்சு நிமிடத்துக்கு 22 தடவை அல்லது அதற்கு மேல் வாங்கினால், பேச்சுத் தடுமாறினால், அதிக தூக்கக்கலக்கம் இருந்தால், சிறுநீர் மிகக் குறைந்தால், கைகால் குளிர்ந்து தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறினால் விடியும்வரை காத்திருக்கவேண்டாம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். செப்ரிக் அதிர்ச்சி என ஐயுற்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் கிருமிகொல்லி மருந்து தொடங்கவேண்டும் என்பதே இன்றைய வைத்திய விதி. அந்த மணித்தியாலத்தை வீட்டில் இழக்கவேண்டாம்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு நோவு மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்கவேண்டாம். அவற்றுள் பல, குருதி குன்றிய சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

வயல் வேலை தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை பற்றிக் கேளுங்கள். கர்ப்பிணிகள் தமது நிலையை முதலிலேயே சொல்லவேண்டும். காலில் புண் இருந்தால் மூடிக் கட்டாமல் சேற்றில் இறங்கவேண்டாம்.

இறுதியாக, கிளினிக் கொப்பி. அந்தத் தாயாரின் கணவருக்குப் பல ஆண்டுகளாகப் பிறசர் வருத்தம் இருந்தது. வழமையாக அவரது மேல் எண் 160 அளவில் நின்றது. அவருக்கு 110 என்பது நல்ல பிறசர் அன்று. 50 இறங்கிய பிறசர். அதைச் சொல்லியிருக்கக்கூடிய கொப்பி, இடம்பெயர்ந்து வந்த வழியில் மற்றச் சாமான்களோடு தொலைந்துவிட்டது. அயலவர்கள் அன்புடனேதான் "பயமில்லை" என்றார்கள். அவர்கள் ஓர் எண்ணைப் பார்த்தார்கள். அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்தத் தாயாரின் கேள்விக்கு எமது விடை இதுதான்: பிறசர் நன்றாக இருக்கவில்லை, அம்மா, நன்றாக இருப்பதுபோல் தெரிந்தது. வாய்க்காலைப் பார்த்தோம், கடைசிப் பாத்தியைப் பார்க்கவில்லை. இது உங்கள் பிழையன்று. எவரும் இதை உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. இப்போது நாம் சொல்லுகிறோம். நீங்களும் அயலுக்குச் சொல்லுங்கள்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. வாய்க்காலில் தண்ணீர் மட்டம் குறைவதற்கு எத்தனை காரணங்கள் இருக்கலாம்? உடலில் அவற்றுக்கு ஒப்பானவை எவை?

2. ஒரே பிறசர் உள்ள இருவருக்கு வெவ்வேறு சிகிச்சை தேவைப்படுவது ஏன்?

3. ஒருவர் மற்றவரின் விரல்நுனியை அழுத்தி, நிறம் திரும்பும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். வெயிலிலும் குளிர்ந்த நீரில் கை வைத்த பின்னரும் வேறுபாடு தெரிகிறதா?

4. உங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவரின் வழமையான பிறசர் என்ன? அதை ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையுடனும் குடும்ப அட்டையுடனும் ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். அவசரமாக எழுந்து போகவேண்டி வந்தால் அந்தப் பையை எவர் எடுப்பது என்று இன்றே தீர்மானியுங்கள்.